பைடூவுக்கு நன்றி சொன்ன பிறகு

மே 7, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை கடலுக்கு ஓய்வு. ஆகவே மீனவர்கள் கரையில் உட்கார்ந்து வலையைப் பழுதுபார்த்துக்கொண்டு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் என் ஐஸ் ஆலையில் உட்கார்ந்திருந்தேன். திட்ட ஆள் இல்லாததால் மின்கம்பத்தைத் திட்டினேன்.

ஆலை அழகாகத்தான் இருக்கிறது. வெளிச்சுவர் நீலமும் வெள்ளையும். கம்ப்ரசர், உப்புத் தண்ணீர்த் தொட்டி, ஐஸ் பார் வார்க்கும் தகர அச்சுகள், எல்லாம் வந்துவிட்டன. வாசலில் "அராபா கார்ட்டே ஐஸ் ஆலை" என்று பலகையும் மாட்டியாகிவிட்டது. ஐஸ் ஒன்றுதான் இல்லை. அதற்கு மின்சாரம் வேண்டும். அதற்கு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அது மின் அலுவலகத்தின் பின்கட்டில், தார்ப்பாய் போர்த்தி, என் பெயர் எழுதி, ஜனவரியிலிருந்து காத்திருக்கிறது.

பெண்கள் பள்ளியில் வரலாறு கற்பித்தவள் நான். பேரரசுகள் ஏன் சரிந்தன என்று கேட்டால் பல காரணங்கள் சொல்வேன். இந்த டிரான்ஸ்ஃபார்மர் ஏன் நகரவில்லை என்பதற்கு ஒரே காரணம்தான்: எஞ்சினியர் எபோ பைடூவை நான் இன்னும் கவனிக்கவில்லை.

ஆகஸ்ட்டில் மத்தி வரும். போன ஆகஸ்ட்டில் மலைமலையாக வந்தது. ஐஸ் இல்லாமல் மதியத்துக்குள் மீன்களின் வயிறு வெடித்துவிட, பாதியைப் புகைபோட்டோம், பாதியைக் கடலுக்கே திருப்பிக் கொடுத்தோம். இந்த ஆகஸ்ட்டை நம்பித்தான் வங்கி எனக்குக் கடன் கொடுத்தது. இதையும் கோட்டைவிட்டால் ஆலை வங்கிக்குப் போகும். பலகையை மட்டும் எனக்குத் தருவார்கள்.

மே 16, வியாழன்

மின் அலுவலகம். பைடூ மிக மரியாதையானவர். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"மேடம், வெயில் பாத்தீங்களா?"

"மே மாசம் அப்படித்தான் இருக்கும்."

"தொண்டை வறண்டு போகுது."

வெளியே போய்க் குளிர்ந்த தண்ணீர்ப் பாக்கெட் வாங்கிவந்து கொடுத்தேன். அதை ஒரு கணம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குடித்தார்.

"பசங்க கம்பத்தைத் தூக்கிட்டு உங்க இடத்துக்கு வரணும். வண்டிக்கு டீசல்… அப்புறம் பாருங்க, வீக்கெண்ட் வேற வருது."

"ஆமாம், வாராவாரம் வருகிறது" என்றேன்.

கோப்பை மூடிவிட்டார். வீட்டுக்கு வந்து யோசித்தேன். நான் உண்மையிலேயே கொள்கைக்காரியா? இல்லை. கொடுக்கவே கூடாது என்று சபதம் எதுவும் செய்ததில்லை. கொடுக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். நீச்சல் தெரியாதவள் கடலைத் துறந்தவள் ஆகிவிட மாட்டாள்.

மே 19, ஞாயிறு

மான்சா ஒத்திகை நடத்தினாள். இவள் என் சித்தி மகள், கரையில் மீன் விற்கும் பெண்களுக்கெல்லாம் தலைவி. இவள் விலை சொல்லாமல் ஒரு கூடை நகராது. ஐஸுக்கு என்னைவிட இவள்தான் தவிக்கிறாள்.

"நான் பைடூ. எனக்குக் கை குடு. குடுக்கறப்பவே பணக் கவர் கை மாறிடணும், புரியுதா?"

கொடுத்தேன்.

"ஐயோ அக்கா! என்னமோ பரீட்சைத் தாள் குடுக்கற மாதிரி நீட்டற! கை இங்க இருக்கணும், கண்ணு அங்க இருக்கணும். வாய் அவன் பொண்டாட்டி புள்ளைங்களை விசாரிக்கணும்."

"மூன்றையும் ஒரே நேரத்திலா?"

"படிச்சவங்கன்னு பேரு" என்று மான்சா தலையில் அடித்துக்கொண்டாள்.

மே 23, வியாழன்

போனேன். கை குலுக்கும்போதே பண உறையை அவர் கைக்கு மாற்றினேன். கண் சன்னலில் இருந்தது. வாய் அவர் மனைவி டார்காஸின் நலத்தை விசாரித்தது. எல்லாம் சரியாக நடந்தது. கடைசியில் பழக்கதோஷம், "ரசீது எப்போது கிடைக்கும்?" என்று கேட்டுவிட்டேன்.

பைடூ சூடுபட்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார். உறை என்னோடு வீடு திரும்பியது.

மான்சா இன்று என்னோடு பேசவில்லை.

ஜூன் 15, சனி

மீனவர் தலைவரின் அத்தைக்கு இறுதிச் சடங்கு. ஊர் முழுக்கக் கறுப்பும் சிவப்புமாகப் பந்தலில். எனக்குப் பக்கத்து நாற்காலியில் இறந்தவரின் தூரத்து உறவினர் ஒருவர். பேசிப் பார்த்தால், மின் துறையின் மண்டல இயக்குநர் அம்பியா. மண்டலத் தலைமையகமான கேப் கோஸ்ட்டிலிருந்து வந்திருந்தார். அவரிடம் என் டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றிப் பேசியிருக்கலாம். சாவு வீட்டில் பேசக் கூச்சமாக இருந்தது.

ஒலிபெருக்கிக்காரர் மொய் வைத்தவர்களின் பெயரையெல்லாம் முழங்கிக்கொண்டிருந்தார். ஒருவர் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நன்கொடையாகக் கொடுத்து, அது அறிவிக்கப்பட்டதும் அதிலேயே உட்கார்ந்துகொண்டார். மாலைவரை எழவில்லை. இயக்குநரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அடக்க முடியவில்லை. அவர் என் தோளில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

எதிர்ப் பந்தலில் பைடூ. வாய்க்குப் போன கெங்கிச் சோளமாவு உருண்டை பாதி வழியில் நின்றுவிட்டது. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னவாம்?

ஜூன் 19, புதன்

டிரான்ஸ்ஃபார்மர் வந்தது!

கம்பம், கம்பி, ஆட்கள், ஏணி, எல்லாம். டீசல்கூட எங்கிருந்தோ கிடைத்திருக்கிறது. பைடூ தானே நின்று வேலை வாங்கினார். "இது தற்காலிக இணைப்பு மேடம். நிரந்தர முத்திரை அப்புறம் வெச்சிடலாம்" என்றார். கை குலுக்கினேன். என் கையில் எதுவும் இல்லை. அவரும் எதையும் தேடவில்லை.

மனிதர்களை நாம் தவறாக எடைபோட்டுவிடுகிறோம்.

ஜூன் 20, வியாழன்

முதல் ஐஸ் பார். மான்சா குனிந்து அதில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். "செத்தவன் நெத்தி மாதிரி இருக்கு" என்றாள். அவள் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வந்ததில்லை.

ஜூன் 23, ஞாயிறு

சபையில் சாட்சி சொன்னேன்.

நம் ஊரில் வரம் கிடைத்தவள் வாய் மூடியிருந்தால் மறு வரம் கிடைக்காது என்பார்கள். குழந்தை பிறந்தவர்கள், விசா கிடைத்தவர்கள், வழக்கில் ஜெயித்தவர்கள் எல்லாம் முன்னால் போய்ச் சொல்வார்கள். நானும் போனேன். சுருக்கமாகத்தான் பேச நினைத்தேன். ஆனால் ஒலிவாங்கி கையில் வந்தால் பழைய டீச்சர் வந்துவிடுகிறாள்.

"மின் அலுவலக எஞ்சினியர் திரு. எபோ பைடூ, ஒரு பெசேவா காசுகூட வாங்காமல், வாய்விட்டுக் கேட்காமல், தாமே வந்து எனக்கு இணைப்புக் கொடுத்தார்" என்றேன்.

சபையின் கூரை அதிர்ந்தது. பெண்கள் எல்லோரும் வெள்ளைக் கைக்குட்டையை வீசி ஆடினார்கள். மான்சா பாட்டை ஆரம்பித்தாள், மத்தளக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாம் வரிசையில் டார்காஸ் பைடூ எழுந்து நின்று தேம்பித் தேம்பி அழுதார். "என் புருஷனா? என் புருஷனா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பைடூ வேறு சபை. அதனால் வரவில்லை.

போதகர் அவர் பெயரைச் சொல்லி நீண்ட ஜெபம் செய்தார். ஏதோ கப்பல் விபத்தில் தப்பியவருக்குச் செய்வதுபோல் இருந்தது.

மனம் நிறைந்த நாள்.

ஜூன் 24, திங்கள்

காலை ரேடியோவில் மான்சாவின் குரல். நன்றி சொல்லும் நிகழ்ச்சிக்குப் போன் செய்து, என் சாட்சியை மாவட்டம் முழுக்கச் சொல்லிவிட்டாள். அலுவலக முகவரியையும் சேர்த்தே சொன்னாள்.

ஜூன் 27, வியாழன்

பைடூ வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து குடிக்கச் சோபோலோ பானம் எடுத்துவைத்தேன். அதைத் தொடவில்லை.

"மேடம், உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?"

"என்ன ஆயிற்று?"

"என்ன ஆச்சா? பேக்கரிக்காரன் வந்தான். செங்கல் சூளைக்காரன் வந்தான். எவன் எவன் ஃபைல் தூங்குதோ எல்லாரும் வந்துட்டானுங்க. 'மேடத்துக்குச் சும்மா பண்ணீங்களாமே'ங்கறான்! ஆபீஸ்ல என்னை பாஸ்டர்னு கூப்பிடறானுங்க. இன்னைக்கு ஒருத்தன் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெபம் பண்ணச் சொல்றான்!"

"நீங்கள் செய்ததைத்தானே சொன்னேன்."

"நான் எங்க செஞ்சேன்?" என்று கத்திவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சாவு வீட்டுல நீங்களும் டைரக்டரும் சிரிச்சுக்கிட்டிருந்தீங்களே. நீங்க மேலயே பாத்து முடிச்சிட்டீங்கன்னு நினைச்சேன். மேல முடிஞ்சா கீழ நான் கேக்க முடியுமா?"

"அவரிடம் நான் எதுவுமே கொடுக்கவில்லையே. ஒரு நாற்காலிக்காகச் சிரித்தோம்."

"அது எனக்கு இப்பத் தெரியுது! அவர் போன் பண்ணிக் கேக்கறாரு, 'பைடூ, அந்த ஐஸ்காரம்மா பங்கு எங்க? ஒத்தையா சாப்டியா?'ங்கறாரு. ரேடியோவுல சும்மான்னு சொன்னாங்க சார்னு சொன்னா, 'அதெல்லாம் எங்கிட்ட ஓட்டாத'ங்கறாரு."

பாவமாகத்தான் இருந்தது. மனிதர் கட்டிவரும் வீடு வேறு கூரையில்லாமல் நிற்கிறது. நான்கு சுவர், நடுவில் வாழைமரம்.

"வேண்டுமானால் வரும் ஞாயிறு சாட்சியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவர் அப்படிப்பட்டவர் அல்ல என்று சொல்லிவிடுகிறேன்."

பைடூ எழுந்தே நின்றுவிட்டார். "வேணாம் மேடம்! டார்காஸ் எங்க அம்மாவுக்குப் போன் பண்ணிட்டா. அம்மா ஊர்ல ஒரு ஆடு அடிச்சுட்டாங்க."

போகும்போது சோபோலோவைக் குடித்துவிட்டுப் போனார்.

ஆக, நான் மனிதர்களைத் தவறாக எடைபோடவில்லை. அதில் ஒரு சின்ன ஏமாற்றம், ஒரு சின்ன நிம்மதி. நிரந்தர முத்திரை பற்றிக் கேட்க மறந்துவிட்டேன்.

ஜூலை 10, புதன்

இந்த மாதம் மீன்பிடித் தடை. கடலே ஓய்வில் இருக்கிறது. ஐஸ் மட்டும் உறைந்துகொண்டிருக்கிறது.

டேமா துறைமுகத்திலிருந்து ஐஸ் அச்சு விற்பவன் ஒருவன் வந்தான். புது ரகமாம். வெளியே பார்த்தால் இப்போதிருக்கும் அதே அளவு. உள்ளே சுவர் தடிமன், அடி மேடு. ஐஸ் பார் சற்றே மெலிந்து வரும்.

"கண்ணுக்குத் தெரியாது மேடம். எல்லா துறைமுகத்துலயும் இதான் ஓடுது. நீங்க மட்டும்தான் பழைய அச்சு."

யோசித்துப் பார்த்தேன். இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. இது வடிவமைப்பு. ஐஸ் எப்படியும் கரையப்போகிற பொருள். நான் செய்வது அதைக் கொஞ்சம் முன்கூட்டியே கரைப்பது மட்டுமே. வளரும் தொழில் நவீனமாக வேண்டும் என்று வங்கி மேலாளரும் சொல்கிறார். முன்பணம் கட்டினேன். செப்டம்பர் கடைசியில் வருமாம்.

மான்சாவிடம் சொல்லவில்லை. அவளுக்கு வடிவமைப்பு புரியாது.

ஜூலை 22, திங்கள்

கேப் கோஸ்ட்டிலிருந்து உத்தரவு. என் தற்காலிக இணைப்பு "வழக்கமான நடைமுறைக்குப் புறம்பாக" வழங்கப்பட்டதாம். மறுபரிசீலனை செய்யும்வரை துண்டிக்க வேண்டுமாம். இந்த மாவட்டத்தில் விதிப்படி நடந்த ஒரே இணைப்பு என்னுடையது. ஆகவே அது வழக்கத்துக்குப் புறம்பானது என்பதில் ஐயமே இல்லை. இயக்குநர் அம்பியா மொழியைக் கவனமாகக் கையாள்பவர்.

துண்டிக்க வேண்டிய அதிகாரி: திரு. எபோ பைடூ.

தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

கடல் திறந்தது. படகுகள் கொடியோடு போயின. பைடூ இன்னும் வரவில்லை. வெளியே வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சன்னலுக்கு ஓடுகிறேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

மத்தி! கரை வெள்ளியாகக் கிடக்கிறது. ஆலை இரவு பகலாக ஓடுகிறது. மான்சாவின் பெண்கள் வாசலில் வரிசை. குமாசி லாரிக்காரன் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது இன்னும் உயிரோட இருக்கா?" என்று கேட்டான். மான்சா, "உன்னைவிட நல்லா இருக்கு" என்றாள்.

பைடூ வரவில்லை. ஏன் வரவில்லை?

ஆகஸ்ட் 15, வியாழன்

வந்தார்.

காலையில், ஏணி, வெட்டுக்குறடு, இரண்டு ஆட்கள். முற்றம் முழுக்கக் கூடைகள், பெண்கள். நான் உள்ளேயிருந்து வெளியே வருவதற்குள் மான்சா பார்த்துவிட்டாள். உத்தரவு பற்றி அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் ஏணியை உடைத்திருப்பாள்.

"அடியே, யாரு வந்திருக்காங்க பாருங்கடி! நம்ம பைடூ!"

எல்லோரும் எழுந்தார்கள். கைக்குட்டை இல்லாதவர்கள் தலைத்துணியை அவிழ்த்து வீசினார்கள். மீன் செதில் ஒட்டிய கையோடு அவரைச் சுற்றி ஆடினார்கள். ஒருத்தி தன் கைக்குழந்தையை அவர் கையில் கொடுத்து, "புள்ளைக்கு உங்க பேருதான் வெக்கணும்னு இருந்தேன் சார், ஆனா இவ பொண்ணாப் போயிட்டா" என்றாள். மான்சா பொரித்த மத்தியும் கெங்கியும் மிளகாய்த் துவையலும் கொண்டுவந்து, முதல் கவளத்தை அவர் வாயிலேயே ஊட்டிவிட்டாள்.

பைடூ மென்றார். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் வெட்டுக்குறடு. என்னைப் பார்த்தார். அவருக்கு வேலை, எனக்கு ஆலை. குழந்தைக்கு அவர் மூக்குக்கண்ணாடிமேல் கண்.

குழந்தையைத் திருப்பிக் கொடுத்தார். ஏணியில் ஏறினார். பெண்கள் கீழே பாடிக்கொண்டே இருந்தார்கள். நான் கம்ப்ரசர் நிற்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். நிற்கவில்லை.

இறங்கிவந்து, பையிலிருந்து ஈய முத்திரையை எடுத்து மீட்டரில் அழுத்தினார். நிரந்தர இணைப்பு. உத்தரவின் பின்பக்கத்தில் "நேரில் பரிசோதிக்கப்பட்டது, எல்லாம் விதிப்படி உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"பைடூ, உங்கள் இயக்குநர்?" என்றேன்.

"வடக்க எங்கயாவது தூக்கிப் போடுவாரு." கர்ச்சீப்பால் வாயைத் துடைத்தார். "என்ன பண்றது மேடம்? ஏற்கெனவே நல்லவன்னு பேரு கெட்டுப்போச்சு. இனிமே அதை யாரு சரி பண்றது?"

அவர் போன பிறகுதான் மான்சாவிடம் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். ஊறுகாய் ஜாடி திறந்தவள்போல் அவள் முகம் மலர்ந்தது.

"டைரக்டர் பேரு முழுசா என்ன அக்கா?"

ஆகஸ்ட் 19, திங்கள்

காலை ரேடியோவில் மான்சா: "மண்டல இயக்குநர் ஐயா அம்பியா அவங்களுக்கு எங்க கரைப் பெண்கள் எல்லாரோட நன்றி. பைடூ மாதிரி ஒரு நேர்மையான ஆளை எங்களை விட்டு எடுக்கவே மாட்டேன்னு முடிவு பண்ணியிருக்காரே, அதுக்கு. இந்தக் காலத்துல இப்படி ஒரு அதிகாரியா! கடவுள் அவருக்கு நீண்ட ஆயுள் குடுக்கணும்."

"அவர் அப்படி முடிவு செய்தாரா?" என்று போனில் கேட்டேன்.

"இன்னும் இல்ல. அதான் முதல்லயே சொல்லிட்டேன்."

ஆகஸ்ட் 28, புதன்

கேப் கோஸ்ட் பேராயர், நேர்மை பற்றிப் பேச இயக்குநர் அம்பியாவை அழைத்திருக்கிறாராம். அவரும் ஒத்துக்கொண்டாராம். இடமாற்ற உத்தரவு எதுவும் வரவில்லை.

மான்சாவின் பெண்கள் தொழிலைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். படகு எரிபொருள் தரும் அதிகாரிக்கு இந்த வாரம் முன்கூட்டியே நன்றி சொன்னார்கள். அவர் மறுநாளே கொடுத்துவிட்டு, கைகூப்பிக் கேட்டுக்கொண்டாராம்: "அம்மா, வாங்கிட்டுப் போங்க. ஆனா சபையில மட்டும் சொல்லிடாதீங்க."

லஞ்சத்தை ஒழிக்க நடந்த கருத்தரங்குகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். பேனாவும் கோழிப் பொரியலும் தருவார்கள். இந்த வழி எவருக்கும் தோன்றவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

வங்கி மேலாளர் வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார், சிரித்துக்கொண்டே போனார். ஆலை என்னுடையதாகவே இருக்கும்.

செப்டம்பர் 14, சனி

பைடூ வீட்டுக்குக் கூரை ஏறுகிறது. பாதிக்குத்தான் தகடு, சம்பளத்தில் அவ்வளவுதான் முடிந்ததாம். வேலையாட்களுக்கும் விருந்தாளிகளுக்கும் பானம் குளிர்விக்க ஐஸ் வாங்க வந்தார். சும்மா எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன்.

"ஐயோ மேடம், ஆளை விடுங்க. முழு விலை, ரசீதும் வேணும்."

ரசீது என்றபோது சிரித்துவிட்டார். நானும்தான்.

செப்டம்பர் 22, ஞாயிறு

டார்காஸ் தன் கணவரை நம் சபைக்கு அழைத்து வந்திருந்தார். வெளுத்த சட்டை. சாட்சி நேரத்தில் எழுந்து முன்னால் போனார். கூரைக்கு நன்றி சொல்லப்போகிறார் என்று நானும் கைக்குட்டையை எடுத்துவைத்தேன்.

"நான் ஐஸ்காரம்மா அராபா கார்ட்டேக்கு நன்றி சொல்ல வந்திருக்கேன்" என்றார்.

"கூரை வேலை அன்னைக்கு வெயில் கொளுத்துச்சு. வேற ஊர்ல வாங்கற ஐஸ் மத்தியானமே தண்ணியாயிடும். ஏன்னா அங்கெல்லாம் அச்சு ஏமாத்து அச்சு. வெளிய ஒரு அளவு, உள்ள ஒரு அளவு. மேடத்தோட ஐஸ் சாயங்காலம் கடைசி விருந்தாளி போறவரைக்கும் நின்னுச்சு. ஏன்? அவங்க அச்சு முழு அச்சு. என்னைக்கும் முழு அச்சாத்தான் இருக்கும். அதுக்கு நன்றி!"

கூரை அதிர்ந்தது. மான்சாதான் முதலில் பாட்டை எடுத்தாள். என்னைத் தூக்காத குறையாக முன்னால் கொண்டுபோனார்கள். நான் ஆடினேன். வேறு வழி?

தன் இடத்துக்குத் திரும்பும்போது பைடூ என்னைப் பார்த்து மிகப் பணிவாகத் தலை குனிந்தார். டேமா அச்சுக்காரன் மின் அலுவலகத்திலும் வாயை விட்டிருப்பானோ? தற்செயலாகத்தான் இருக்கும். "என்னைக்கும்" என்ற சொல்லை அவர் அழுத்திச் சொன்ன விதம்தான் —

போதகர் எனக்காக நீண்ட ஜெபம் செய்தார்.

செப்டம்பர் 23, திங்கள்

காலை ரேடியோவில் என் அச்சின் புகழ். மான்சா உள்ளளவு, வெளியளவு எல்லாம் சொன்னாள்.

டேமாவுக்குப் போன் செய்து, அச்சுகள் வேண்டாம் என்றேன்.

"ஏன் மேடம்? சரக்கு ரெடியா இருக்கே."

"சபையில் சொல்லிவிட்டார்கள்."

"அச்சச்சோ" என்றான், துக்கம் விசாரிப்பவன்போல. "அப்ப ஒண்ணும் பண்ண முடியாது."

ஆனால் முன்பணம் திரும்பி வராதாம். அவன் முதலாளி அப்படிப்பட்டவராம், எவருக்கும் கொடுத்ததில்லையாம்.

முதலாளியின் முழுப்பெயரைக் கேட்டு எழுதிவைத்திருக்கிறேன். அவர் எந்தச் சபை என்று மட்டும் தெரிய வேண்டும். மான்சாவிடம் சொல்லியாகிவிட்டது.

கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கிறது. நாளை செவ்வாய், கடலுக்கு ஓய்வு.